நாலு நிமிட ட்ரையர்

நான்கு நிமிடம் ஓடியதும் ட்ரையர் நின்றது. நின்றதோடு விடாமல் 'டிங்' என்று சந்தோஷமாக ஒரு சத்தமும் போட்டது.

"வேலையும் செய்யல, அதுக்கு மணி வேற அடிக்குது," என்றான் அஜந்தன்.

மலையூரான ஹாலிஎலவில் அவன் சலவைக்கடை திறந்து பத்து நாள். பத்து நாளும் மழை. ஊரே ஈரத்துணியோடு தவிக்கும்போது ட்ரையர் வைத்திருப்பவன்தான் ராஜா என்பது அவன் கணக்கு. துணி காய ஐம்பது நிமிடம் ஆகும் என்று கூட வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. ட்ரையர் அந்தப் புத்தகத்தைப் படித்ததாகத் தெரியவில்லை.

மூன்று மணிக்கு ஜெனீரா வருவார். தெமோதரையில் விடுதி நடத்துபவர். பதினெட்டு அறைகளின் படுக்கை விரிப்புகளையும் இந்தக் கடைக்குக் கொடுப்பதா இல்லையா என்று இன்று முடிவு செய்வார். கொடுத்தால் கடை பிழைக்கும். "ட்ரையர் ஓடுறத என் கண்ணால பார்க்கணும்," என்று போனில் சொல்லியிருந்தார்.

கடையில் வேலைப் பிரிவினை தெளிவாக இருந்தது. துணியைக் கழுவுவதும், ட்ரையரில் திணிப்பதும், எடுப்பதும், மடிப்பதும் வேலைக்கு வரும் அங்கம்மா. பட்டனை அமுக்குவது முதலாளி அஜந்தன்.

"தம்பி, இந்தத் துணி..." என்று அங்கம்மா ஆரம்பித்தாள்.

"துணிக்கு என்னக்கா அவசரம்? மொதல்ல மெஷினப் பார்ப்போம்."

மெஷினைப் பார்க்க ஸப்ரான் வந்தான். வயரிங் வேலை செய்யும் நண்பன். ட்ரையரை ஒரு தட்டு தட்டினான். காது வைத்துக் கேட்டான்.

"தரை சரிவு மச்சான்."

"ஹாலிஎலயில எந்தத் தரைடா சரிவில்ல?"

ஒரு காலுக்கு அடியில் பலகைத் துண்டு வைத்தார்கள். ட்ரையர் இப்போது நடக்க ஆரம்பித்தது. சரியாக நான்கு நிமிடம் நடந்து, வாசலை அடைந்து, 'டிங்' என்றது.

"முன்னெல்லாம் ஒரே எடத்துல நின்னுச்சு," என்றான் அஜந்தன். "இப்ப வெளியூர் போய் நிக்குது."

"அப்ப கரண்ட் பத்தல," என்றான் ஸப்ரான், சற்றும் கலங்காமல்.

பக்கத்து சலூனில் கேட்டு அங்கிருந்து தனியாக ஒரு லைன் இழுத்தார்கள். பட்டனை அமுக்கியதும் சலூன் இருண்டது. கழுத்தில் துணி கட்டிய ஒரு மனிதர் வந்து நின்றார். பாதி மீசை இருந்தது.

"தம்பி, மத்தப் பாதிய எப்ப எடுப்பாங்க?"

லைனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஸப்ரான் ட்ரையரின் பின்புறத்தைக் கழற்றினான். இரண்டு வயரைப் பிடுங்கி ஒன்றாக முறுக்கினான்.

"இதுதான் மச்சான் நிப்பாட்டுறது. இனி நிக்காது."

அவன் சொன்னது உண்மை. ட்ரையர் நிற்கவில்லை. நான்கு நிமிடம் தாண்டியது, பத்து தாண்டியது. 'ஓஃப்' பட்டனை அமுக்கினாலும் நிற்கவில்லை. குலுங்கிக் குலுங்கி மறுபடி வாசலுக்கு நடந்து, அப்போதுதான் குடையை மடக்கிக்கொண்டிருந்த ஜெனீராவை எதிர்கொண்டது.

"இது என்ன தம்பி, வரவேற்பா?"

ஸப்ரான் பாய்ந்து பிளக்கை இழுத்தான். அஜந்தனுக்கு வியர்த்தது. கடை திறந்த பிறகு அந்தக் கடையில் சூடாக இருந்த முதல் ஆள் அவன்தான்.

ஜெனீரா ட்ரையரைப் பார்க்கவில்லை. அங்கம்மா எடுத்துக் கொடுத்த விரிப்பைத் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார்.

"புழுங்கல் வாடையே இல்ல. இந்த மழைக்கு இப்படிக் காஞ்ச துணிய நான் காணல்ல. நாளைக்கே எல்லாத்தையும் அனுப்புறன்."

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். அஜந்தன் நேர்மையானவன்.

"மேடம், உண்மையச் சொல்லிர்றேன். இது நாலு நிமிஷத்துல நின்னுருதுங்க. பழுது."

ஜெனீரா சிரித்தார். "எங்கட மகள்ட வீட்டிலயும் இதே மெஷின்தான். ஈரத்த அதுவே பார்க்கும் தம்பி. துணி காஞ்சிட்டா தானா நிக்கும்."

"கழுவின துணி நாலு நிமிஷத்துல எப்படிங்க காயும்?"

எல்லோரும் அங்கம்மாவைப் பார்த்தார்கள். அவள் விரிப்பை மடித்துக்கொண்டே சொன்னாள்:

"தேயில பெக்டரியில இருபது வருசம் இருந்தவ நானு, கொழுந்த வாட்டாம பச்சையா ட்ரையர்ல போடுவேனா தம்பி? நேத்தே பின்னறையில வலை கட்டி, ரெண்டு ஃபேனப் போட்டு, நல்லா காய வச்சிட்டுத்தானே இதுல போடுறேன்!"