பன்றிக்காய்ச்சலும் பச்சைப் பொடியும்

கியூசங் ஊதா டார்ச்சை அடித்தான். பண்ணைக்காரர் தாக்கின் பன்றிக்கொட்டகை வாசல் பச்சைப்பசேலென்று மின்னியது. மின்னவே கூடாத வாசல் அது.

பன்றிக்காய்ச்சல் ஒரு பண்ணையிலிருந்து அடுத்த பண்ணைக்கு எப்படித் தாவுகிறது என்பதுதான் அவனுடைய ஆராய்ச்சி. பெரும்பாலும் பண்ணைக்காரர்களின் பூட்ஸில் ஏறித்தான். அதனால் காய்ச்சல் சீசன் முடியும்வரை ஒருவரையொருவர் சந்திக்கக் கூடாதென்று கட்டுப்பாடு. இரண்டு மாதம் ஆனதும், சந்தித்தீர்களா என்று பதினோரு பக்கக் கேள்வித்தாள் கொடுத்தான். அன்றே, யாருக்கும் சொல்லாமல், பியோவின் கொட்டகையில் மட்டும் ஊதா வெளிச்சத்தில் பச்சையாக மின்னும், கெடுதல் இல்லாத பொடி ஒன்றைத் தூவினான். ஒரு வாரத்தில் எட்டுப் பண்ணையிலிருந்தும் ‘இல்லை’ என்று பதில் வந்தது.

அவசரக்குடுக்கை. பொடியைச் சோதிக்குமுன்பே பதில்களை மேலிடத்துக்கு அனுப்பிவிட்டான். கட்டுப்பாடு காத்த கிராமத்தைப் பாராட்ட, சியோலிலிருந்து நாளைக் காலை அதிகாரிகள் வருகிறார்கள். பொய்யென்று தெரிந்தால் மூன்று வருட ஆராய்ச்சிக்கு மூடுவிழாதான்.

“ஐயா, பியோ இங்க வந்தாரா?”

“எந்தப் பியோ?” என்றார் தாக். வேலிக்கு அந்தப் பக்கம்தான் பியோவின் வீடு.

“அப்ப இந்தப் பொடி எப்படி வந்துச்சு?”

தாக் சுற்றுமுற்றும் பார்த்தார். கூரைமேல் ஒரு பூனை படுத்திருந்தது. “பூனை,” என்றார்.

கியூசங் அதையே ஆராய்ச்சி நிலைய டைரக்டரிடம் போனில் ஒப்பித்தான்.

“பூனையா? அப்ப ஊர்ப் பூனைய எல்லாம் பிடிச்சுச் சோதிச்சுடு.”

மதியத்துக்குள் கையில் ஏழு கீறல். ஒரு பூனைகூட மின்னவில்லை. மின்னியது அடுத்த பண்ணைக்காரரின் தொப்பி. அதற்கடுத்தவரின் டிராக்டர் சீட்.

“பூனை தொப்பி போடுமாய்யா?” என்றார் டைரக்டர்.

“காக்காவா இருக்கும் சார்.” வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான்.

“நல்லதாப் போச்சு. பறவைப் பிரிவுலேருந்து நாலு பேரை வலையோட அனுப்புறேன்.”

பண்ணைக்குள் நுழையுமுன் தலைக்குக் குளித்து உடை மாற்றவேண்டும் என்பது விதி. விதியை எழுதியவனே கியூசங்தான். எட்டாவது குளியலில் தும்மல் பிடித்துக்கொண்டது. எட்டாவது பண்ணையும் மின்னியது.

ஈரத் தலையோடு ஓக்பூனின் சாப்பாட்டுக் கடைக்குள் போய், உள்ளறையில் குட்டை மேஜை முன் சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

“சித்தி, சூடா ஒரு பன்றிக்கறிச் சூப்பு.”

டார்ச்சை மேஜைமேல் வைத்தபோது விரல் சுவிட்சில் பட்டு அது எரிந்தது. தரை மின்னியது. சுற்றிக் கிடந்த உட்காரும் மெத்தைகளும் மின்னின. எண்ணினான். சரியாக எட்டு.

“சித்தி, இங்க யார் வந்தாங்க?”

“யாரும் வரலையே,” என்றாள் ஓக்பூன், சூப்பைப் பார்த்தபடி.

“நாளைக்கு என் ஆராய்ச்சியே போயிடும் சித்தி.” கெஞ்சினான். வெட்கமாகத்தான் இருந்தது அவனுக்கு, என்ன செய்ய.

அவள் மனசு இளகிவிட்டது. “எட்டுப் பேரும்தான் வந்தாங்க.”

“சீட்டாட்டமா?”

“சீட்டா? குனிஞ்ச தலை நிமிரல.”

“குடியா?”

“ஒரு பாட்டில்கூடத் தெறக்கல.”

“பின்ன என்னதான் பண்ணாங்க?” மேஜையைத் தட்டினான். சூப் தளும்பியது. “ஒருத்தரையொருத்தர் பார்க்கவே கூடாதுன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேனே. ஒரு ரெண்டு மாசம் பொறுக்க முடியலையா இவங்களுக்கு?”

ஓக்பூன் கிம்ச்சி ஊறுகாய்த் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

“ரெண்டு மாசமா நெசமாவே ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்க்கல தம்பி, அத எட்டுப் பேரும் தப்பில்லாம ஒண்ணுபோல எழுதணுமேன்னுதான், உங்க பதினோரு பக்கத்தையும் தூக்கிக்கிட்டு மூணு நாள் இங்க வந்து கூடுனாங்க.”