அந்தரத்தில் ஓடிய மாவு மில்

“இந்த மாவு இனிமே என் சமையக்கட்டுக்குள்ள வராது” என்று சாந்தாமணி, மாவு டப்பாவோடு வந்த புருஷனை வாசலிலேயே மறித்தாள்.

அஜிதநாதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திண்டிவனத்தில் மாவு மில் வைத்திருப்பவர் வீட்டிலேயே அந்த மாவு வேண்டாம் என்றால் ஊர் என்ன பேசும்?

“ஏன், மாவுக்கு இன்னா?”

“மாவுக்கு ஒண்ணுமில்ல. மெஷின் பேரிங்குல கிரீஸ் அடைக்கிறீங்களே, அதுல மாட்டுக் கொழுப்பு கலக்கறாங்களாம். விழுப்புரம் கல்யாணத்துல பேசிக்கினாங்க.”

தேனைக்கூடத் தொடாத, பொழுது சாய்ந்தால் சாப்பிடாத சமணக் குடும்பம் அவர்களுடையது. மில்லுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சொந்தபந்தம். இந்தச் சேதி நாலு வீட்டுக்குப் போனால் அப்பா வைத்த மில்லுக்குப் பூட்டுப் போட வேண்டியதுதான்.

அதற்கு வழியும் சாந்தாமணியே சொன்னாள். “என் தம்பியக் கேளுங்க. கிரீஸே வேணாத பேரிங்கு பத்தித்தான் ஆராய்ச்சி பண்ணிக்கினு இருக்கான்.”

தம்பி சுமித், மயிலம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளர். காந்தப் பேரிங்கைப் பற்றி அவன் வாயைத் திறந்தால் கல்லூரியில் ஆளுக்கொரு பக்கம் நழுவிவிடுவார்கள். நழுவ முடியாத ஒருவர் அவனுக்கு இப்போதுதான் கிடைத்தார்.

“மாமா, சுத்திவரக் கரண்ட்டுல வேலை செய்யற காந்தம். நடுவுல ஷாஃப்ட்டு எதையும் தொடாம அந்தரத்துல சுத்தும். உரசாது, தேயாது, சூடாவாது. உங்க பேரன் காலத்துக்கும் ரிப்பேர்ங்கற பேச்சே கெடையாது.”

“கேப்பை அரைக்குமா?”

“இன்னா மாமா இப்பிடி கேட்டுட்டீங்க!”

பழைய பேரிங்குகள் மூலைக்குப் போயின. சுவிட்சைப் போட்டதும் ஷாஃப்ட் சத்தமே இல்லாமல் மிதந்து சுற்றியது. அஜிதநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு கேப்பையைக் கொட்டினார்கள். பாரம் தாங்காமல் ஷாஃப்ட் கீழே உட்கார்ந்து போட்ட கூச்சலில் பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு தெருவுக்கு ஓடிவந்தார்கள்.

சுமித் காந்தத்தின் பலத்தைக் கூட்டினான். கேப்பை அரைபட்டது. ஆனால் அரைக்க வந்த சூசை மேரியின் தகர டின் அவள் கையைவிட்டுப் பறந்து மெஷினில் ஒட்டிக்கொண்டது. தராசுப் படிக்கற்களும் பின்னாலேயே போயின.

“அண்ணே, என் டின்னக் குடுங்க! மாவு அரைக்கச் சொன்னா டின்னையே முழுங்குது உங்க மெஷினு!”

“கரண்ட்ட நிறுத்துனாத்தாங்க வுடும்” என்றான் சுமித்.

கரண்டை நிறுத்தினால் ஷாஃப்ட் விழும். விழுந்தது.

அடுத்து, காந்தத்தைச் சுற்றித் தடுப்பு வைத்தான். டின்கள் தப்பின. ஆனால் அது இரண்டாயிரத்துப் பன்னிரண்டு. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று ஒருவருக்கும் தெரியாத காலம். போகும்போதெல்லாம் ஷாஃப்ட் தடாலென்று விழுந்தது. பேட்டரி வைத்தார்கள். பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுவதற்குள் மறுபடியும் கரண்ட் போனது.

அஜிதநாதன் சாயங்காலமே மில்லைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வர ஆரம்பித்தார். முன்பெல்லாம் இருட்டிய பிறகு வந்து, வெறும் வயிற்றோடு படுத்துக்கொள்கிற மனிதர். இப்போது வெளிச்சம் இருக்கும்போதே தட்டில் சுடச்சுட இட்லி விழுந்தது. கன்னம்கூடக் கொஞ்சம் பூசினாற்போல ஆகியிருந்தது. மனசுதான் ஆறவில்லை. வாடிக்கையெல்லாம் எதிர்த்தெரு மில்லில் வரிசை கட்டி நின்றது.

“பேஜாராப் பூடுச்சு சாந்தா. பழைய பேரிங்கையே மாட்டிடறேன்.”

“ஐயையோ, வேணவே வேணாம். தம்பி ஆசையாப் பண்ணிக்கினு இருக்கான். இன்னும் ரெண்டு இட்லி வெக்கட்டுமா?”

கடைசியில் ஜெனரேட்டரே வந்து இறங்கியது. பூட்ட வந்த மெக்கானிக் ராயப்பன் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தார்.

“இன்னாப்பா அது?”

“கிரீஸு சார். ஜெனரேட்டர் பேரிங்குக்கு. இது இல்லாம ஓட்டுனா ஜாம் ஆயிடும்.”

அஜிதநாதன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். “கிரீஸ் வேணாம்னுதானேடா இவ்ளோ கூத்தும்!”

“மாமா, ஜெனரேட்டருக்கும் ஒரு காந்தப் பேரிங்கு...” என்று சுமித் ஆரம்பித்தான். அவன் முடிப்பதற்குள் அவர் விழுப்புரம் பஸ்ஸில் ஏறியிருந்தார்.

விழுப்புரத்தில் கோதண்டபாணி கடையில்தான் அவர் எப்போதும் கிரீஸ் வாங்குவார். “கொழுப்பு கலக்காத கிரீஸ் எங்கனா கெடைக்குமா? என் பொழைப்பே அதுலதான் நிக்குது.”

“நீங்க இத்தன வருஷமா வாங்கறதே அதான சார். பெட்ரோல் எடுக்கற எண்ணெயும் வெளக்கெண்ணெயும்தான். கொழுப்பு ஒரு பொட்டுகூடக் கெடையாது.”

அஜிதநாதனுக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மில் பிழைத்தது. “ஜல்தியா ரெண்டு டப்பா கட்டுங்க. இப்பவே போயி சாந்தாமணிகிட்ட சொல்றேன்!”

கோதண்டபாணி டப்பாவைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “அவங்ககிட்டயா? கல்யாணத்துக்கு வந்தன்னிக்கே கடைக்கு வந்து கேட்டுக்கினுதான போனாங்க. ‘இத அவருகிட்ட சொல்லிடாதீங்க, கொஞ்ச நாளைக்காவது மனுஷன் பொழுதோட வூட்டுக்கு வந்து சாப்புடட்டும்’னாங்களே சார்!”