பென்சில் சாரும் எங்கள் தாத்தாவின் கல்லறையும்

பாலக்கரையில் செத்தவர்கள் ஒருவர்கூட பென்சில் சாரிடமிருந்து தப்பியதில்லை. உயிரோடு இருந்தவர்கள்தாம் அவர் தலையைக் கண்டதும் கொல்லைப்பக்கமாக ஓடித் தப்பித்தார்கள்.

ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். கல்யாணம் ஆகாதவர். தெருவிலுள்ள குடும்பங்களுக்கெல்லாம் வம்சாவளி எழுதுகிறேன் என்று கிளம்பிவிட்டார். யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். குடும்பத்துக்கு ஒரு நோட்டு. சாட்சி இருந்தால் பேனா, வெறும் வாய்ப்பேச்சு என்றால் பென்சில். கல்யாணப் பந்தியில் பெரியவர் யாராவது சிக்கினால் போச்சு! செல்போனை இலை ஓரம் வைத்து ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டு, ரசம் வருவதற்குள் மூன்று தலைமுறையைக் கறந்துவிடுவார். என் சொந்த அப்பாவையே நாலு மாதம் பென்சிலில் வைத்திருந்த புண்ணியவான்.

ஒரு கல்லறைத் திருநாளன்று எங்கள் தாத்தாவின் கல்லறைக்கே வந்துவிட்டார். அப்பாவின் அக்கா மரியபுஷ்பம் அத்தை மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். தாத்தா இறந்தபோது அத்தைக்கு ஐந்து வயது. அவர் முகம்கூட நினைவில்லை. அவளுக்கு அப்பா என்றால் அந்தச் சிமெண்டு மேடுதான்.

“இது உங்க அப்பாதான்னு என்னம்மா ஆதாரம்? பேரைக் காணோமே?”

“நாப்பது வருஷமா இங்கதான் அழுவுறேன். இதைவிட என்னய்யா ஆதாரம் வேணும்?”

சார் பென்சிலை எடுத்தார். அத்தை செருப்பைத் தேடினாள்.

ஆனால் அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. குடும்பம் நடுவில் வெளியூர் போய்த் திரும்பியபோது தாத்தாவின் மரச்சிலுவை மக்கிப் போயிருந்தது. யாரோ கைகாட்டிய மேட்டைத்தான் கும்பிட்டு வந்தோம். “அப்ப எங்கப்பா எங்கடா?” என்று என்னைப் பிடுங்கி எடுத்தாள்.

சாரும் விடவில்லை. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கத்துக்கு மூன்று மாதம் அலைந்து, தாத்தாவோடு ஒரே ஆபீஸில் வேலை பார்த்த சம்பத் ஐயங்காரைக் கண்டுபிடித்தார். வயது எண்பத்தெட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, ஐயங்கார் பேசியதைச் செல்போனில் ஓடவிட்டார் சார்.

“வேப்பமரத்தடியிலன்னா அடக்கம் பண்ணினா! மழைன்னா அப்படி ஒரு மழை. அவரோட பொண்ணு, அஞ்சு வயசு இருக்கும், என் குடைக்குள்ள நின்னுண்டு, ‘மாமா, அப்பாவுக்கும் குடை பிடிங்க’ன்னுது. பிடிச்சேனே! குழி மேல பிடிச்சேன். ஆத்துக்கு வந்து ஸ்நானம் பண்ணினப்புறமும் எனக்கு அழுகை நிக்கலே.”

“கறுப்புக் குடை. மூங்கில் பிடி,” என்றாள் அத்தை. அப்புறம் உடைந்துபோனாள். சார் சத்தமில்லாமல் பேனாவைத் திறந்தார்.

“சரி, இவ்வளவு நாளா யாருகிட்ட சார் அழுதேன்?” என்றாள் முகத்தைத் துடைத்தபடி.

“விசாரிச்சுட்டேன்மா. அந்தோணின்னு ஒரு சமையல்காரராம். சொந்தபந்தம் யாருமில்லியாம். பென்சில்லதான் எழுதியிருக்கேன்.”

“பாவம். நாப்பது வருஷம் அழுதாச்சு, இனிமே விட்டுட முடியுமா?”

அன்றிலிருந்து இரண்டு மாலை.

பென்சில் சார் போன வருஷம் போய்ச் சேர்ந்தார். இந்தத் திருநாளுக்கு அத்தை மூன்று மாலை வாங்கினாள். வீட்டுக்கு வந்ததும் எங்கள் குடும்ப நோட்டை எடுக்கச் சொன்னாள்.

“சார் பேரை எனக்குப் பக்கத்துல எழுது. அண்ணன்னு போடு.”

சார் இருந்தால் ஆதாரம் கேட்பாரே என்று நான் பென்சிலை எடுத்தேன்.

“பேனாவுல எழுதுடா,” என்றாள் அத்தை.