செம்பியின் ரத்தத்தில் களவு போன இரும்பு

பெரியநாயக்கன்பாளையம் வட்டாரத்தில் எங்கள் காந்தக்காரர் காந்தம் வைத்துப் பார்க்காமல் நம்பியது கடவுளை மட்டும்தான். முருகன் கோயில் வேலிலும் அவர் காந்தம் வைத்ததைக் கண்ணால் பார்த்தோம் என்று சத்தியம் செய்பவர்களும் உண்டு.

நான் கணக்கெழுதும் பவுண்டரியில் உருக்குவதற்குப் பழைய இரும்பு வாங்கிப் போடுவது அவர் வேலை. லாரி வந்து நின்றால் அலுமினியம் கலந்திருக்கிறதா, பித்தளை கலந்திருக்கிறதா என்று காந்தத்தால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். அந்தப் பழக்கம் மனுஷரை வெளியிலும் விடவில்லை. கல்யாண வீட்டில் சீர்வரிசைப் பாத்திரங்களில் காந்தம் வைப்பார். எவர்சில்வர் ஒட்டிக்கொண்டால், "மட்டமுங்க" என்று பெண்ணின் அப்பாவிடமே சொல்லிவிட்டுப் பந்திக்குப் போவார்.

எனக்கு ரத்தம் கம்மி என்று இரும்புச்சத்து மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தேன். அதிலும் வைத்தார். ஒட்டவில்லை. மருந்துக்கடைக்குச் சண்டைக்குக் கிளம்பியவரை வாட்ச்மேன்தான் கேட்டில் மடக்கிப் பிடித்தார்.

இப்பேர்ப்பட்டவருக்கு உயிர் என்றால் செம்பி. செம்பு நிறத்தில் ஒரு நாட்டுக்கோழி. பிள்ளையில்லாத வீடு, சாயங்காலம் இவர் மொபெட் சத்தம் கேட்டால் அதுதான் வாசலுக்கு ஓடி வரும். ஒருநாள் வரவில்லை. கொண்டை வெளுத்துப்போய் மூலையில் சுருண்டு கிடந்தது. மறுநாள் ஒயர் கூடையில் போட்டு ஆபீசுக்கே தூக்கி வந்துவிட்டார். கால்நடை டாக்டர் இங்கிலீஷில் பேசினால் பதில் சொல்ல ஆள் வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். டாக்டரம்மா பொள்ளாச்சிக்காரர். எங்களைவிட நல்ல கொங்குத் தமிழ் பேசினார்.

"ரத்தத்துல இரும்பு கொறஞ்சுபோச்சுங்க" என்றார்.

டன் டன்னாக இரும்பு பார்க்கிறவர் வீட்டில் இரும்புக்குப் பஞ்சமா! சட்டென்று காந்தத்தை எடுத்துச் செம்பியின் நெஞ்சில் வைத்தார். ஒட்டவில்லை. கண் கலங்கிவிட்டது.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. கோழி நல்லா இருந்தாலும் காந்தம் ஒட்டாது, ரத்தத்தில் இரும்பு தனியாகச் சுற்றாது என்று பொறுமையாகச் சொன்னார். சிவப்பணுவுக்குள் ஒரு புரதம் அதைப் பிடித்து வைத்திருக்குமாம். மூச்சுக்காற்றைச் சுமப்பது அதுதான். குடலிலிருந்து இரும்பை, ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜைக்குக் கூட்டிப்போவது இன்னொரு புரதம். முட்டையிடும் காலத்தில் மஞ்சள் கருவுக்குக் கொண்டு சேர்க்கத் தனியாக வேறொன்று.

"அப்ப கேட் பாஸ் இல்லாம நகராதுங்களா?"

"நகராதுங்க."

காந்தக்காரருக்குக் கோழியின் மேல் மரியாதையே கூடிவிட்டது. எங்கள் பவுண்டரியில் அந்த ஒழுங்கு கிடையாது. அப்புறம் எப்படிக் குறையும் என்று கேட்டார்.

"ஆராச்சும் திருடுனாக் கொறையுமுங்க. கோழி உக்கார்ற கட்டைக்கு அடியில வெள்ளத்துணி வெச்சுத் தொடச்சுப் பாருங்க."

நேராக வீட்டுக்குப் போனோம். வேட்டி முனையாலேயே துடைத்தார். சிவப்பாக வந்தது. கட்டையின் வெடிப்பெல்லாம் செள்ளுப்பூச்சி. ராத்திரி முழுக்கச் செம்பியின் ரத்தத்தைக் குடித்துவிட்டுப் பகலில் பதுங்கிக் கிடந்தது. லாரி டிரைவர் சீட்டுக்கு அடியில்கூடக் குனிந்து பார்க்கிற மனுஷர், தன் கையால் ஆணியடித்த கூண்டுக்குள் குனிந்து பார்க்கவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

கூண்டை அன்றைக்கே கொளுத்தினார். டாக்டரம்மா கொடுத்த மருந்தை வேளை தவறாமல் புகட்டினார். ஆபீசில் ஆள் ஆளாக இல்லை. காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு லோடைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்து நிற்பார். அவரைக் கிண்டலடித்தே பொழுதுபோக்கிய நாங்கள், காலையில் முதல் வேலையாகச் செம்பி தீனி எடுத்ததா என்று விசாரித்தோம். எனக்கு உள்ளூரப் பயம். அந்தக் கோழிக்கு ஏதாவது ஆகிவிட்டால் இவரையும் பழையபடி பார்க்க முடியாது.

ஒருநாள் காலையில் முகமெல்லாம் சிரிப்பாக என் மேஜைக்கு வந்தார். கர்ச்சீப்பைப் பிரித்தால் ஒரு முட்டை. செம்பி மறுபடி இட்ட முதல் முட்டை. பழக்கதோஷத்தில் கை காந்தத்துக்காகச் சட்டைப்பைக்குப் போனது. நான் காத்திருந்தேன். கை வெறுமனே திரும்பி வந்தது.

"இதுல ஒட்டாதுங்க அம்மணி. ஆனா உள்ள இருக்குதுங்க. நம்பிச் சாப்புடுங்க."

சின்ன வயதிலிருந்தே எனக்கு முட்டை வாசனை ஆகாது. அன்றைக்கு அவித்துச் சாப்பிட்டேன்.