குண்டானில் விழுந்த குழி

அரங்கநாதனுக்கு வந்த கோபத்தில் திண்டிவனமே கொதித்திருக்கும். மாமனார் ராஜாங்கம் பொங்கல் சீராகக் கொடுத்த எவர்சில்வர் குண்டான். வருஷம்கூடத் திரும்பவில்லை. அதற்குள் அடியில் குண்டூசியால் குத்தினாற்போல் பொட்டுப் பொட்டாகக் குழி, சுற்றிலும் துருக்கறை.

“உங்கப்பாரு எனக்குக் குழி பறிச்சது பத்தாதுன்னு குண்டானுக்கும் பறிச்சிட்டாரா?”

“எங்கப்பாவை இழுக்காதீங்க,” என்றாள் தையல்நாயகி, கீரை ஆய்ந்தபடியே. “விழுப்புரம் ராயப்பன் கடையில வாங்கினது. அங்க போய்க் கேளுங்க.”

“கேக்காம வுட்டுருவனா? எவர்சில்வர்னு சொல்லித் தகரத்தைத் தலையில கட்டிட்டான்! ஜல்தி கிளம்பு!”

அவள் அதற்குள் புடவை மாற்றப் போய்விட்டாள்.

கடைக்காரரை மடக்க நாலு பாயிண்ட் வேண்டாமா? பஸ்ஸில் குண்டானை மடியில் வைத்துக்கொண்டு செல்போனைத் தட்டினார். விக்கிரவாண்டி வருவதற்குள் முகம் சுண்டிவிட்டது. எவர்சில்வர் மேல் கண்ணுக்குத் தெரியாத தோல் ஒன்று இருக்கிறதாம். துருவைத் தடுப்பது அதுதானாம். பச்சைத் தண்ணீரில் போட்ட கல்லுப்பு கரையாமல் அடியில் உட்காருமாம். உட்கார்ந்த இடத்தில் தோலைப் பொத்துவிடுமாம். குழி அங்கேதான் ஆரம்பம்.

ஞாயிறுதோறும் அந்தக் குண்டானில் மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையைக் கொட்டி, பச்சைத் தண்ணீர் ஊற்றி, கை நிறையக் கல்லுப்பு போட்டு, கிளறாமல் மத்தியானம்வரை ஊறவைத்து அவிப்பது யார்? சாட்சாத் அரங்கநாதன். சமையலறையில் அவர் செய்யும் ஒரே வேலை அது!

செல்போன் பைக்குள் போனது.

“தையலு, போனாப் போவுது. திரும்பிடலாமா?”

“அதெப்படிங்க? எங்கப்பா மேல பழி வந்துகினு இருக்கு. குண்டானை யாரு எப்படிப் புழங்கினாங்கன்னு கடைக்காரரு கேப்பாரு. சொல்லிட்டாப் போச்சு.”

அரங்கநாதன் தோள்துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

கடையில் ராயப்பன், “இன்னா சார் பிரச்சினை?” என்று கை நீட்டினார்.

அரங்கநாதன் சட்டென்று துண்டால் குண்டானை மூடினார். “பிரச்சினையா? சேச்சே! இதே மாதிரி இன்னொண்ணு வேணும். அளவு காட்டக் கொண்டாந்தேன்.”

“அந்த இட்லிப் பானையும்,” என்றாள் தையல்நாயகி. அவர் பர்ஸைத் திறந்தார்.

திரும்பும் பஸ்ஸில் அவள் நிதானமாகச் சொன்னாள்: “இனிமே தண்ணி கொதிச்சப்புறம் உப்பைப் போட்டுக் கிளறி வுடுங்க. அடியில தங்கக்கூடாது.”

“அடிப்பாவி! உனக்கு எப்பத் தெரியும்?”

“மொதப் பொட்டு வுழுந்த அன்னிக்கே.”

“அப்பவே சொல்றதுக்கு இன்னா?”

“சொல்லியிருந்தா உப்பைத்தான் கொறச்சிருப்பீங்க. இட்லிப் பானை வாங்கியிருப்பீங்களா?”