டிலே அண்ணனின் மூன்றாவது பெடல்

மட்டக்களப்பு வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை, அந்தப் பக்கம் படுவான்கரை. இரண்டு கரையையும் சேர்த்துச் சலித்தெடுத்தாலும், ஒற்றை ஆளாக மேடையேறி நாலு ஆளாக வாசித்துவிட்டு இறங்கிய மனிதர் ஒருவர்தான் தேறுவார். அவர் டிலே அண்ணன். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் கொளுத்தி இதைச் சொல்ல நான் தயார்.

பெயரைக் கேட்டவர்கள், ஆள் எங்கேயும் பிந்தித்தான் வருவாராக்கும் என்று நினைப்பார்கள். அது பெரிய அநியாயம். காலை பத்து மணிக் கலியாணத்துக்கு விடியும்போதே போய், வாழை கட்டுகிறவர்களுக்கு ஏணி பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள் அவர். ஒருமுறை ஏறாவூர்ப் பக்கம் ஒரு விழாவுக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது மேடையே வந்திருக்கவில்லை. மேடைப் பலகை ஏற்றிவந்த லொறிக்காரனுக்கு வழி காட்டியதே அண்ணன்தான்.

வேலை உன்னிச்சைக் குளத்து நீர்ப்பாசனக் கந்தோரில். வாய்க்காலில் தண்ணீர் திறந்து விட்ட பிறகும் கடைசி வயல் வட்டைக்காரர்கள் போனெடுத்து, "இன்னும் தண்ணி வரல்லயே ஐயா" என்று கத்துவார்கள். இவர் நிதானமாக, "திறந்தாச்சு. டிலே ஆகும்" என்பார். அதனால்தான் இந்தப் பட்டப்பெயர் என்று கந்தோரில் சொல்வார்கள். எங்கள் இசைக்குழுவில் அதற்கு வேறு காரணம் இருந்தது.

கிட்டார் வாசிக்கிறவர்களின் காலடியில் சின்னச் சின்னப் பெட்டிகள் இருக்கும். காலால் மிதித்தால் சத்தம் மாறும். அதில் டிலே பெடல் என்று ஒரு சாதி உண்டு. கம்பியை ஒரு தரம் தட்டினால் அதை வாங்கி வைத்துக்கொண்டு, சற்றுப் பொறுத்துத் திருப்பிச் சொல்லும். மற்றக் கிட்டார்காரர்கள் ஒன்று வைத்திருப்பார்கள். அதையும் கறிக்கு உப்புப் போடுகிற மாதிரிப் பார்த்துத்தான் மிதிப்பார்கள். அண்ணனிடம் பச்சையில் ஒன்றும் நீலத்தில் ஒன்றுமாக இரண்டு இருந்தன. மூன்றாவதும் வேண்டும் என்று அவர் முடிவெடுத்த நாளில் எங்கள் குழுவுக்குச் சனி பிடித்தது.

"ரெண்டு காணாதா அண்ணே?" என்று கேட்டான் ட்ரம்ஸ் வாசிக்கும் வசந்தன்.

"பச்சை கிட்ட நிண்டு சொல்லும். நீலம் கொஞ்சம் தள்ளி நிண்டு சொல்லும். தூரத்துல இருந்து சொல்ல ஆளில்ல மச்சான்."

வசந்தன் என்னைப் பார்த்தான். பேஸ் கிட்டார் வாசிக்கிற நான் என் கம்பிகளைப் பார்த்தேன்.

மூன்றாவது பெடல் கொழும்பிலிருந்து பஸ்ஸில் பார்சலாக வந்தது. செங்கல் அளவு, செங்கல் நிறம், செங்கல் கனம். பெடல்களை ஒட்டி வைக்கிற பலகையில் ஏற்கெனவே நெருக்கம். மண்டூர்த் திருவிழா நாளில் ஓடுகிற பஸ் மாதிரி ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன. செங்கலை வைக்க இடமில்லை.

அண்ணன் பிஸ்கட் பெட்டிகளை வெட்டி, ஒவ்வொரு பெடலுக்கும் அதே அளவில் ஒரு மட்டைப் பெடல் செய்தார். சாப்பாட்டு மேசையில் அவற்றைப் பரப்பி, தாயம் விளையாடுகிறவர் மாதிரி நகர்த்திக்கொண்டே இருந்தார். எந்தப் பெடலை முன்னுக்கு வைப்பது, எதன் சத்தம் எதற்குள் போவது, வயர் எந்தப் பக்கத்தால் வருவது, கால் எங்கே விழும் என்று கணக்கான கணக்கு. அவருடைய மனைவியை நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். பொறுமையில் அவர் பூமாதேவி. ஆனால் ஒருநாள் சம்பல் கோப்பையை வைக்க இடமில்லாமல் அதைப் பச்சைப் பெடலின் மட்டை மேல் வைத்துவிட்டார்.

"இஞ்சாருங்க, இது சாப்பிடுற மேசையா, நீங்க காணி பிரிக்கிற மேசையா?"

"கொஞ்சம் பொறுகா. நீலத்தைக் கிறுக்கி வெச்சா எல்லாம் சரியா வரும்."

திருப்பித்தான் வைத்தார். வரவில்லை. பலகையே புதிதாக வேண்டும் என்று முடிவாயிற்று.

காத்தான்குடியில் அலுமினியச் சன்னல் செய்கிற முஸ்லிம் அண்ணர் ஒருவரிடம், எங்கள் பேச்சில் நானாவிடம், என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அண்ணன் கீறிக் கொண்டுபோன படத்தை நானா இப்படியும் அப்படியும் பிடித்துப் பார்த்தார்.

"இது எந்தச் சன்னலுக்குத் தம்பி?"

"சன்னலுக்கில்ல நானா. பெடலுக்கு."

"சைக்கிள் கடை அங்கால."

"காலால மிதிக்கிறதுதான். ஆனா சைக்கிள் இல்ல. பாட்டுக்கு."

நானா நன்றாக யோசித்தார். "தையல் மெசினா?"

அண்ணன் விடவில்லை. கடை வாசலிலேயே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, இல்லாத கிட்டாரைத் தோளில் மாட்டி, இல்லாத பெடல்களை மிதித்துக் காட்டினார். வாயாலேயே டக், டக், டக் என்று மூன்று தூரத்தில் சத்தம் போட்டார். சன்னல் வாங்க வந்த ஒரு குடும்பம் வாசலிலேயே நின்றுவிட்டது. நானாவின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

"அப்ப பின்னால இருக்கிறத மிதிக்கக்குள்ள முன்னால இருக்கிறது மிதிபடாதா?"

"அதான் நானா! அதுக்குத்தான் பின் வரிசை உயரம் வேணும்."

"படி மாதிரி."

"படி மாதிரி!"

இரண்டு பேரும் கைகொடுத்துக்கொண்டார்கள். இரண்டு நாடுகள் சமாதான ஒப்பந்தம் செய்துகொண்ட மாதிரி இருந்தது எனக்கு.

படி வைத்த அலுமினியப் பலகை வந்து சேர்ந்தது. மூன்று டிலேயும் பின் வரிசையில் அழகாக உட்கார்ந்தன. அடியில் ஒட்டுப்பட்டி, இடையில் குட்டி வயர்கள், எல்லாம் கச்சிதம். மின்சாரம் கொடுத்ததும் ஸ்பீக்கருக்குள் ஒரு பெரிய வண்டுக் கூட்டம் இரைந்தது.

அதோடு அண்ணனுக்கு நித்திரை போயிற்று. இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று வீட்டிலுள்ள ஒவ்வொரு மின்சாரச் சாமானையும் சந்தேகத்தோடு பார்த்தார். மின்விசிறியை நிறுத்தினார். பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டரை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினார். கடைசியில் பிரிட்ஜின் வயரைக் கழற்றிவிட்டு, மாட்ட மறந்து வேலைக்குப் போய்விட்டார். பின்னேரம் நான் போனபோது விசாரணை நடந்துகொண்டிருந்தது.

"பிரிட்ஜை நிப்பாட்டினது ஆரு?"

"அது இரையுதுகா. அந்தச் சத்தம் என்ட பெடலுக்குள்ள வருது."

"அப்ப என்ட இறாலெல்லாம் ஆர்ர பெடலுக்குள்ள போற?"

அன்றைக்கு அந்த வீட்டில் பருப்பும் சோறும்தான். எனக்கும் சேர்த்து. பிரிட்ஜ் பாவம், அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. எல்லாப் பெடலும் ஒரே வயரிலிருந்து மின்சாரம் குடித்ததுதான் பிழை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வழி கொடுத்ததும் வண்டுகள் பறந்துவிட்டன.

மிச்சம் கால்தான். சப்பாத்துக் காலால் இரண்டு பெடலைச் சேர்த்து மிதிக்க முடியவில்லை. ஆகவே வெறுங்காலில் பழகினார். பெருவிரல் ஒரு பெடலில், சின்னவிரல் பக்கம் இன்னொன்றில். கந்தோரில் மேசைக்கடியில் பழகினார், பஸ்ஸில் பழகினார், முடிவெட்டுகிற கதிரையில் உட்கார்ந்து பழகினார். அவருடைய வலதுகால் பெருவிரலுக்குத் தனியாக ஒரு மூளை இருக்கிறது என்று எங்கள் கீபோர்ட்காரன் அன்ரன் சத்தியம் பண்ணுவான்.

இத்தனைக்கும் பிறகு மேடையில் என்ன நடந்தது? எங்களுக்கு எரிச்சல்தான் வந்தது. வசந்தனின் தாளம் ஒரு பக்கம் போகும், அண்ணனின் எதிரொலி இன்னொரு பக்கம் போகும். "அண்ணே, அந்தச் செங்கலை மட்டும் வீட்ட வெச்சிட்டு வாங்களன்" என்று எல்லாரும் கும்பிடாத குறை. அவர் கோபிக்கவே மாட்டார். "ஓம் ஓம், குறைக்கிறன்" என்பார். குறைக்கமாட்டார்.

அப்போதுதான் சுகந்தியின் கலியாணம் வந்தது.

சுகந்தி எங்கள் பாடகி. படுவான்கரையில், மண்டூருக்குக் கிட்ட வீடு. மாப்பிள்ளை நல்ல பொடியன். அவனுக்கு அவள் குரலில்தான் முதலில் காதல். ஆனால் மாப்பிள்ளையின் தாய், கலியாணத்துக்குப் பிறகு மேடையெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சுகந்தி சண்டை பிடிக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். தன் கலியாண வரவேற்பில், தன்னுடைய குழுவோடு ஒரு பாட்டு. அதோடு நிறுத்திவிடுகிறேன் என்றாள். தாயும் தலையாட்டினார்.

தை மாதத்தில் தாழமுக்கம் வரும் என்று யார் கண்டது? முதல் நாளே போய்விட வேண்டும் என்று அண்ணன் ஒற்றைக் காலில் நின்றதால் அவரும் நானும் முன்கூட்டியே வாவியைக் கடந்துவிட்டோம். மனிதர், வண்டி, ஆடு எல்லாவற்றையும் ஏற்றிக் கடக்கிற மிதவைப் படகை எங்கள் ஊரில் 'பாதை' என்போம். அந்தப் பாதையில் பெடல் பலகையைப் பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தார் அண்ணன். கலியாண நாள் காற்றும் மழையும் பிடித்துக்கொண்டது. பாதை ஓடவில்லை. சுற்றிப் போகிற தெருவில் இடுப்பளவு வெள்ளம். ட்ரம்ஸோடு வசந்தனும் கீபோர்டோடு அன்ரனும் அக்கரையில்.

தாலி கட்டி முடிந்து பகல் சாப்பாடும் ஆயிற்று. பொது மண்டபம் நிறையச் சனம். கரண்டும் இல்லை; ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் மாமா ஒருவர் சட்டைப் பையைத் தட்டினார்.

"தாளக்காரர் இல்லாம என்னத்தப் பாடுற? என்னட்டப் பென் டிரைவ் இரிக்கு. பாட்டைப் போட்டு விடுவம்."

சுகந்தி கூறைச் சேலையின் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். விரல்நுனி வெளுத்துவிட்டது. அவள் அழாமல் இருக்கப் படுகிற பாடு எனக்குத் தெரிந்தது.

டிலே அண்ணன் மேடைப் படியில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினார். சொக்ஸையும் கழற்றி ஒழுங்காக உள்ளே செருகினார். காற்சட்டையைக் கணுக்காலுக்கு மேல் மடித்துவிட்டார்.

"புள்ள, நீ பாடு. தாளம் நான் பாத்துக்கிறன்."

"எப்பிடி அண்ணே? நீங்க ஒராள்தானே?"

"இஞ்ச மூணு பேர் குந்தியிரிக்காங்க" என்று பலகையைக் காட்டினார்.

நான் பேஸைத் தோளில் மாட்டிக்கொண்டேன். அவர் கம்பிகளை உள்ளங்கையால் அமர்த்திக்கொண்டு ஒரு தட்டுத் தட்டினார். டக். பச்சைப் பெடல் உடனே டக் என்றது. பெருவிரல் அசைந்தது. நீலம் அந்த இரண்டுக்கும் நடுவில் புகுந்து இன்னொரு டக் வைத்தது. ஒற்றைத் தட்டு ஓட ஆரம்பித்தது; குதிரை மாதிரி, பிறகு இரண்டு குதிரை மாதிரி. கால் இன்னும் கொஞ்சம் சரிந்து செங்கலின் மேல் விழுந்தது. அவ்வளவு நேரம் அவர் வாசித்ததெல்லாம் தூரத்திலிருந்து, வாவிக்கு அப்பாலிருந்து வருகிற மாதிரி, அடியில் சுருண்டு சுருண்டு எழும்பியது. அந்தச் சத்தத்தின் மேல் ஏறி நின்று பாட்டின் மெட்டைத் தொடங்கினார்.

முதலில் எனக்குத் தாளம் எங்கே தொடங்குகிறது என்றே பிடிபடவில்லை. அவர் தலையை ஒருதரம் ஆட்டினார். நான் உள்ளே விழுந்தேன். பேஸும் சேர்ந்ததும் மண்டபத்தின் தகரக்கூரையே அதிர்ந்தது. இத்தனை நாளும் எங்களோடு இடித்துக்கொண்டிருந்த எதிரொலி, இடம் கொடுத்ததும் என்ன விரிவு விரிந்தது! தாளக்காரன் ஒருவன், பக்கத்தில் இன்னொரு கிட்டார், பின்னால் யாரோ வயலின் இழுக்கிற மாதிரி ஒரு நெடுஞ்சத்தம். எல்லாம் வெறுங்காலோடு நிற்கிற ஒரு மனிதர்.

சுகந்தி கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். நான் அவளோடு எத்தனையோ மேடை ஏறியிருக்கிறேன். அப்படி அவள் பாடி அதற்கு முதல் நான் கேட்டதில்லை. சிறுவர்கள் ஆட எழும்பினார்கள். அவர்களுக்குப் பின்னால் சாப்பாடு பரிமாறுகிறவர்கள். பென் டிரைவ் மாமா முதலில் தோளை மட்டும் ஆட்டினார். பிறகு மேசையைத் தள்ளிவிட்டு நடுவில் இறங்கிவிட்டார்.

மாப்பிள்ளையின் தாய் மட்டும் ஆடவில்லை. முன்வரிசையில் இருந்து எழும்பி, மேடையை ஒரு சுற்றுச் சுற்றி, பின்பக்கத்துத் திரையை விலக்கிப் பார்த்தார். அங்கே சுவரும் வெறும் சோற்றுக் கிடாரமும்தான். பாட்டு முடிந்து கைதட்டல் ஓயும் முன்பே என்னிடம் வந்தார்.

"மத்தப் பொடியன்மார் எங்க நிக்கிறாங்க?"

"வேற ஆருமில்ல அம்மா. இவர்தான்."

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணனின் காலைப் பார்த்தார். பிறகு சுகந்தியை வெகுநேரம் பார்த்தார். அவள் முகம் மழையில் நனைந்த மாதிரி இருந்தது.

"என்ன புள்ள, ஒண்டோட முடிக்கிற? மறுகா ஒண்டு பாடன்."

அவள் பாடினாள். மறுகா ஒன்று, அதற்குப் பிறகும் ஒன்று. அடுத்த மாதம் எங்கள் பயிற்சிக்கு சுகந்தி வந்தபோது, ஸ்கூட்டியில் பின்னால் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். "நான் சும்மா கேட்டுட்டுப் போக வந்த" என்று சொல்லிக்கொண்டு, இருக்கிறதில் நல்ல கதிரையாகப் பார்த்து உட்கார்ந்தார். மேடை வேண்டாம் என்ற பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது கலியாணத்துக்கு அடுத்த காலையைப் பற்றி. ஊர் முழுக்க அண்ணனின் பேச்சு. தேநீரோடு அவரைத் தேடிப் போனால், சுகந்தி வீட்டு முற்றத்தில் பாய் விரித்து, பலகையை அக்கக்காகக் கழற்றிப் போட்டுவிட்டு, முழங்காலில் நிற்கிறார்.

"என்னண்ணே, நேத்து அவ்வளவு நல்லா வேலை செஞ்சுதே?"

"இல்லடா தம்பி. நீலம் ஒரு துளி முந்திச் சொல்லுது. நீ கவனிக்கல்லயா?"

நான் கவனிக்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் எனக்கு அது கேட்கவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு எந்த மேடையானாலும் அவருக்குப் பக்கத்தில்தான் போய் நின்றேன். அந்த மனிதருக்குக் கேட்கிறதில் ஒரு துளியாவது என் காதிலும் விழுந்துவிடாதா என்று.