ஆத்தா வரவில்லை, அது வயிற்றுப் பயிற்சி

மரியாதைக்குரிய மச்சான் சண்முகராஜ் அவர்களுக்கு,

மலைமேல் போளூரிலிருந்து அழகுமலை கும்பிட்டு எழுதுவது. பழனியில் தங்கள் கடையும் குடும்பமும் முருகன் அருளால் நன்றாயிருக்கட்டும். இங்கும் நலம் என்று எழுத ஆசைதான், எழுதினால் பொய்யாகிவிடும். டீக்கடை வாசலில் நின்றால்தான் போனுக்கு டவர் கிடைக்கும். அங்கே ஊரே நிற்கும். அதனால் இதைக் காய்கறி வேனில் கொடுத்தனுப்புகிறேன்.

என் மகள், தங்கள் மருமகள் மகாதேவி போலீஸ் வேலைக்குத் தயாராகிறாள். ஓடட்டும், குதிக்கட்டும், யார் வேண்டாம் என்றது? இவள் செய்வது அசையாமல் இருக்கும் பயிற்சி. முழங்கையையும் கால்விரலையும் தரையில் ஊன்றி, உடம்பைப் பலகை மாதிரி நிறுத்தி, அப்படியே கிடப்பாள். வயிற்றுக்குப் பலமாம். சும்மா கிடப்பதற்கு இத்தனை வேர்வையா என்றால் முறைக்கிறாள். செவ்வாய்க்கிழமை முற்றத்தில் அப்படிக் கிடந்தபோது ஊர்த்தலைவர் தங்கமுத்து மண்வெட்டி கேட்டு வந்தார், இவ உடம்பு கிடுகிடுன்னு ஆடுது, பல்லைக் கடிச்சிருக்கா, பார்த்த மனுசன் செருப்பைக் கழட்டிட்டு விழுந்து கும்பிட்டு, "ஆத்தா, பூண்டை இப்பப் பிடுங்கலாமா?"ன்னு கேட்டுட்டாரு. வாயைத் திறந்தா மூச்சு போயிரும்னு, இங்க நிக்காம போங்கன்னு சொல்ல இவ தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினா. அவ்வளவுதான், ஆத்தா வேண்டாம்னுட்டான்னு ஊர்ல ஒருத்தரும் பூண்டுல கை வைக்கல.

முத்துன பூண்டு மண்ணுக்குள்ள கெடக்கு, மேக்க மேகம் கருத்துக்கிட்டு வருது, ஒரு மழை பெஞ்சா ஊரோட பாடெல்லாம் அழுகிப்போகும். உண்மையைச் சொன்னா ஆத்தா பேரைச் சொல்லி ஏமாத்தினோம்பாங்க, சொல்லலேன்னா எல்லாரும் நாசம். "நான் போய்ச் சொல்றேம்ப்பா"ன்னு இவ கிளம்புறா, நான் கதவை அடைச்சு வச்சிருக்கேன். நேத்து செவுத்துல சாஞ்சு, இல்லாத நாற்காலியில உக்காந்து தொடைக்குப் பலம் ஏத்தினா. ஜன்னல் வழியாப் பார்த்துட்டு அதுக்கும் சூடம் கொளுத்திட்டாங்க.

நீங்க வெரசா மலையேறி வந்து, ஆத்தாவும் வரல ஒண்ணும் வரல, இது வெறும் வயித்துப் பயிற்சின்னு ஊருக்கு எடுத்துச் சொல்லணும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
பயந்து கிடக்கும் அழகுமலை

பி.கு.: மச்சான், வர வேண்டாம். உங்க தங்கச்சி முருகம்மாள் இப்பத்தான் கோயில் வாசல்ல, மக மாதிரியே முழங்கையை ஊன்றிக் கெடந்து, "இன்னைக்கே பிடுங்குங்கடா"ன்னு கத்திட்டாளாம். ஊரே பூண்டுக் காட்டுல நின்னு பிடுங்குது. "நல்லா நடிச்சே, ஊரைக் காப்பாத்திட்டே"ன்னு அவளை மெச்சினேன். "நான் எங்க கோயிலுக்குப் போனேன்?"ங்கிறா. இடுப்பு வலியில குடம் தூக்க முடியாதவ, மகாதேவியைவிட ரொம்ப நேரம் கெடந்தாளாம், மூச்சுகூட வாங்கலையாம். இதை வீட்டுக்கு வெளியே நின்னு எழுதுறேன்.